ஐந்தாவது வரியில் நின்றவர்கள்

அந்தக் கண்ணாடிக் கடையில் அவளைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அங்கேயே தூங்கிக்கொண்டும் இருந்தது. எதிர்மாடிக் கொடியில் காயும் சட்டையில் எத்தனை பொத்தான் என்று கடைக்குள் நின்றபடியே சொல்லுவாள். அதில் எந்தப் பொத்தானை வேறு நூலால் தைத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்காமலே சேர்த்துச் சொல்லுவாள். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஒருவரின் காதில் பஞ்சு இருந்ததை இங்கிருந்தே கண்டுபிடித்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. பஞ்சு இருந்தது என்னவோ நிஜம். அவள் பார்த்தாளா, ஊகித்தாளா என்று யாரும் துருவவில்லை.

நாற்பத்தேழு வயதில் அவளுக்கு இருந்த ஒரே கர்வம் அந்தக் கண்தான். ஊருக்கெல்லாம் பவர் பார்த்து எழுதிக் கொடுப்பவள், தான் மட்டும் கண்ணாடி போடமாட்டாள். பதிவேட்டில் எழுதும்போது புத்தகம் மேசையின் அந்தக் கோடியில் இருக்கும். இவள் இந்தக் கோடியில் இருப்பாள்.

"கழுகு, கை நீளம் பத்தலன்னா சொல்லு. பேனாவுக்கு ஒரு குச்சி கட்டித் தர்றேன்" என்பார் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர்.

"உங்க வேலையைப் பாருங்கண்ணே. எனக்கு ஒண்ணுமில்ல. வெளிச்சம்தான் மட்டம்."

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. மதியச் சாப்பாட்டைச் சோதனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவாள். வீட்டிலும் அப்படியே. தனியாக இருக்கிற வீட்டில் யாருக்குப் பயந்து அடுக்களைக் கதவைச் சாத்துகிறாள் என்று கேட்க ஆளில்லை. கடையில் கேட்டார்கள். "காக்கா பங்கு கேக்கும்ல" என்று சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டுவிடுவாள்.

அவளுடைய வேலை இதுதான். நாற்காலியில் ஆளை உட்கார வைத்து, மூக்கின்மேல் சோதனை ஃப்ரேமை மாட்டி, பெட்டியிலிருந்து ஒவ்வொரு லென்ஸாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தூரப் பார்வைக்குச் சுவரில் எழுத்துப் பலகை இருந்தது. நாற்பது தாண்டியவர்களுக்குக் கையில் ஒரு அட்டையும் கொடுப்பாள். முதல் வரி சுண்டைக்காய் அளவு. கீழே இறங்க இறங்க மிளகு, கடுகு, கசகசா. ஐந்தாவது வரியைச் சத்தமாகப் படித்துவிட்டால் சோதனை முடிந்தது. படிக்காமல் நின்றால் பவரைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

அட்டையில் இருந்தது நிலக்கரியின் பயன்களைப் பற்றிய ஒரு கட்டுரை. "நிலக்கரி பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக..." என்று தொடங்கி, அடியில் அச்சகத்தின் விலாசத்தோடு முடியும். இருபத்தேழு வருடமாக அதே அட்டை. ஊரில் பாதிப் பேருக்கு அது மனப்பாடம். ஒரு தாய் அதை ராகம் போட்டுப் பாடிக் குழந்தையைத் தூங்க வைத்தாள். கண் அறுவை செய்து இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவர், அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு விலாசம் வரைக்கும் ஒரு பிழை இல்லாமல் ஒப்பித்தார். நம்பச் சிரமமாக இருந்தால், கட்டு ஒரு கண்ணில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு முதலாளி கையை உதறினார்.

"இதை வச்சு இனி எவனுக்கும் கண்ணு பாக்க முடியாது. ஊர்ல ஒருத்தர்கூடப் படிக்காத ஏதாவது புத்தகம் இருந்தா கொண்டு வா. அதுல ஒரு பக்கத்தை அச்சடிச்சுக்கலாம்."

"ஒருத்தர்கூடப் படிக்காததா?"

"கவிதைப் புத்தகம் எதாவது இருக்கா பாரேன்."

இருந்தது. ஏழு மாதமாக அவள் வீட்டு அலமாரி உச்சியில், கூரியர் உறை பாதி கிழிந்தபடி கிடந்தது. எழுதியவள் அவளுடைய தங்கை.

*

சின்னவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது அம்மா இறந்துபோனாள். கழுகுக்கு அப்போது இருபது. அப்பா அதற்கு முன்பே வேலை தேடி வெளியூர் போனவர்; இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அவள் கல்லூரிப் புத்தகத்தை மூடிவிட்டு இந்தக் கடைக்கு வந்தாள். தங்கைக்குத் தலை பின்னினாள், சோறு கட்டினாள், பள்ளிக்கூடப் படிவத்தில் தாய் என்று போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள். "உங்க பொண்ணா?" என்று யாராவது கேட்டால் "ஆமா" என்றுவிடுவாள். விளக்கிக்கொண்டு நிற்க நேரம் ஏது? பக்கத்தில் நின்ற சின்னவள் ஒவ்வொரு முறையும் தரையைப் பார்த்தாள். அது மட்டும் கழுகின் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

வளர்ந்த பிறகு வேறு ஊரில் தனியாக இருக்கப்போவதாகச் சின்னவள் சொன்னபோது பெரிய சண்டை வந்தது.

"உன்னை வளக்கறதுக்கு என் வயசையே குடுத்தேன்டி."

"நான் கேட்டேனாக்கா?"

அதோடு மூன்று வருடம் பேச்சு நின்றது. பிறகு இந்தப் புத்தகம் வந்தது. உள்ளே முதல் பக்கத்தில் பேனாவால், அக்காவுக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் ஒரு வரி: "அக்கா, படிச்சுட்டுக் கூப்பிடு. படிக்காமக் கூப்பிடாத."

அவள் படிக்கவில்லை. புத்தகத்துக்கு முன்பே சித்தியின் தொலைபேசி வந்துவிட்டதுதான் காரணம். "உன்னையும் உங்கம்மாவையும் தெருவுக்கு இழுத்து எழுதியிருக்காளாம்டி, மானம் போச்சு" என்றாள் சித்தி. சித்தியும் படிக்கவில்லை. புரட்டிப் பார்த்த கழுகுக்கும் ஒன்று மட்டும் புரிந்தது: கவிதை என்கிறார்கள், எதுகையும் இல்லை, மோனையும் இல்லை, டாக்டர் எழுதுகிற மருந்துச் சீட்டு மாதிரி நாலு வார்த்தைக்கு ஒரு வரி. எழுத்தும் ரொம்பப் பொடி. வெளிச்சம் மட்டம். அலமாரி உச்சியில் தூக்கிப் போட்டாள். கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். படிக்காமல் கூப்பிட முடியாது. படிக்கவும் பயம். இப்படியே ஏழு மாதம் போய்விட்டது.

கடைக்கு உபயோகப்படட்டும் என்று வீம்பாகத்தான் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். அச்சகக்காரரிடம் நீட்டி, "எதாவது ஒரு பக்கம், உங்க இஷ்டம்" என்றாள். அவர் இருப்பதிலேயே சின்னதாக ஒரு கவிதையைப் பிடித்து, எழுத்தைப் படிப்படியாகக் குறைத்து, பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை முதல் ஆளாக ஒரு தையற்கார அம்மா வந்து உட்கார்ந்தார். அட்டையை வாங்கிப் படித்தார்.

"மூன்று தட்டுகள் இருந்தன."

கழுகு அடுத்த லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா போன மறுநாள் அக்கா இரண்டைத்தான் கழுவி வைத்தாள்."

லென்ஸ் கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டது. நல்லவேளை, உடையவில்லை.

"மூன்றாவது எங்கே என்றேன். சாப்பிடு என்றாள்."

சொன்னாள்தான். அப்படியேதான் சொன்னாள். அந்தக் குரல்கூட நினைவிருந்தது. வேறு எதைச் சொல்ல முடிந்திருக்கும், ஒன்பது வயதுக்காரியிடம், இருபது வயதில்?

"அன்றிலிருந்து பசித்தால் நான் யாரிடமும் சொல்வதில்லை."

தையற்கார அம்மா ஐந்தாவது வரிக்கு வந்தார். "வளர்ந்துவிட்டாய் என்கிறார்கள். பசியை..." என்று தொடங்கி நின்றுவிட்டார். கண்ணில் நீர் கோத்தது. கழுகுக்கு வேலைதான் கைகொடுத்தது. படிக்க முடியவில்லை என்றால் பவர் பத்தவில்லை. கண்ணில் நீர் வந்தால் வறட்சி. பவரைக் கால் அளவு ஏற்றினாள். அந்த அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மறைக்கப் பழகிவிட்டாய் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்" என்று முடித்து, "போதும்மா, தெரியுது" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். கழுகு பவரை எழுதி, கூடவே ஒரு சொட்டு மருந்தும் எழுதினாள்.

அன்றே அந்த அட்டையைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. அந்தப் புத்தகத்தைத் திறக்கத்தான் அவளுக்குத் தைரியமில்லை. இங்கே அந்த வேலையைப் பிறத்தியார் செய்தார்கள். பால்காரர் படித்தார், வக்கீல் குமாஸ்தா படித்தார், செவிலியர் படித்தார். ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குரலில் சின்னவள் பேசினாள். இவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். ஏன் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்றால் வெறிச்சென்று இருந்தது.

ஒன்றுதான் விசித்திரம். பாதிப் பேர் அந்த ஐந்தாவது வரியில் நின்றார்கள். இவளும் பவரை ஏற்றிக்கொண்டே போனாள்.

"இந்த மாசம் ஊர்ல எல்லாருக்கும் ஒரே சமயத்துல கண்ணு மங்கிருச்சா?" என்றார் லென்ஸ் தேய்க்கிறவர். "சொட்டு மருந்து வேற தண்ணியா ஓடுது."

"தூசிண்ணே. ரோடு தோண்டறாங்கல்ல."

*

புதன்கிழமை சித்தி மறுபடி கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை கிளம்பறாளாம். வெளிநாட்டு வேலை. திரும்ப வர்ற மாதிரி இல்லை. உனக்குச் சொன்னாளா?"

சொல்லவில்லை. அன்று மதியம் சாப்பாட்டைத் திறக்காமலே சோதனை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கழுகு தங்கைக்குக் கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்துவிட்டாள்.

"அக்கா?"

"படிச்சுட்டேன்டி."



"நிஜமாவா?"

"தட்டுக் கவிதை. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. நான் மட்டுமில்ல குட்டி, எங்க கடைக்கு வர்றவங்க வாயில எல்லாம் அதுதான்."

"கிண்டல் பண்றியா?"

"சத்தியமா."

சின்னவள் சிரித்தாள். மூன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. பிறகு குரல் இறங்கியது. முப்பத்தாறு வயதுக்காரியின் குரல் இல்லை அது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிற குரல்.

"கடைசி வரி... படிச்சியாக்கா?"

கழுகுக்கு ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் பொங்கிவிட்டது.

"படிச்சேன், படிச்சேன். பசியை மறைக்கப் பழகிட்டியாமே? என்னிக்குடி நான் உனக்குச் சோறு போடாம இருந்தேன்? விடியக்காலைல எந்திரிச்சு ஆக்கிப் போட்டுட்டு, தலை பின்னி விட்டுட்டு ஓடி வருவேன். அம்மா தட்டை ஒளிச்சு வச்சது மட்டும்தான் உனக்குத் தெரிஞ்சுதா? அதை ஊரெல்லாம் படிக்கணுமா?"

"அக்கா. அதுதான் கடைசி வரியா?"

"பின்ன?"

அந்தப் பக்கம் ஏதோ பெட்டியை இழுக்கிற ஓசை மட்டும் கேட்டது.

"சரிக்கா" என்றாள் சின்னவள். கோபம் இல்லை; கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ படிக்கல. உடம்பைப் பாத்துக்கோ."

வைத்துவிட்டாள்.

கழுகு அட்டையைக் கையில் எடுத்தாள். ஐந்தாவது வரிக்குக் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு சாம்பல் கோடு. அது அச்சகத்தின் விலாசம். பழைய அட்டையிலும் அங்கேதான் இருந்தது. வேறு கடைசி வரி எங்கே இருக்கிறது? கவிதை எழுதுகிறவர்களுக்கு எதைச் சொன்னாலும் குற்றம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சாப்பாடு அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போனது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

*

சனிக்கிழமை காலை முதலாளி கடைக்கு வந்ததும் வராததுமாக ஒன்பது கண்ணாடிகளை மேசைமேல் பரப்பினார். ஒன்பதும் திரும்பி வந்தவை. போட்டால் தலை சுற்றுகிறது, படி இரண்டாகத் தெரிகிறது என்று ஆளுக்கொரு புகார்.

"உன் கண்ணு கழுகுக் கண்ணு, ஒத்துக்கறேன். அடுத்தவன் கண்ணை ஏன் பிடுங்கறே?"

இருபத்தேழு வருடத்தில் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அந்த ஒன்பதில் ஒன்றுக்கு உரியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இன்னமும் உட்காரும்போது ஒரு காலை ஊன்றிக்கொண்டே உட்காருவார், வண்டி திடீரென்று பிரேக் போட்டுவிடும் என்பதுபோல. அவரை உள்ளே கூப்பிட்டு முதலிலிருந்து பார்த்தாள். நான்கு வரி மளமளவென்று போயிற்று. ஐந்தாவதில் நின்றார்.

அவள் கை பழக்கத்தில் பெட்டிக்குப் போனது.

"லென்ஸை மாத்தாதீங்கம்மா" என்றார். "போன தடவையே தெரிஞ்சுது. வாய்தான் வரல."

"வாய் வரலையா?"

"நீங்கபாட்டுக்கு ஒண்ணு மேல ஒண்ணா லென்ஸைப் போட்டுக்கிட்டே இருந்தீங்க. அழறேன்னு எப்படிச் சொல்றது? ஆம்பளை வேற." அட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "எங்க வீட்டுக் கதையை உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

இது எங்கள் வீட்டுக் கதை என்று அவளுக்கு வாய் நுனி வரை வந்தது. அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"எங்க வீட்ல தட்டு இல்ல, செருப்பு. அப்பா செத்தப்போ அண்ணனுக்குப் பதினெட்டு, எனக்கு எட்டு. அப்பா செருப்பு வாசல்லயே கிடக்கும், நான் அதுல கால் விட்டு நடப்பேன். ஒருநாள் காணோம். எங்கடான்னு கேட்டா, ஸ்கூலுக்குப் போடான்னு கத்தினான். அன்னிலேருந்து அவனைக் கல்நெஞ்சுக்காரன்னேன். அம்பது வருஷம் அப்படியே சொல்லிட்டேன். போன வருஷம் அவன் போயிட்டான். பெட்டியைத் தொறந்தா அந்தச் செருப்பு. பாலிஷ் போட்டு, துணியில சுத்தி. அவன் காலுக்கு ஏத்த மாதிரி புதுசா வார் தச்சிருந்தான். யாருமில்லாதப்போ போட்டுப் பாத்திருக்கான் போல." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணு கெட்டிக்காரி. உயிரோட இருக்கும்போதே கண்டுபிடிச்சுட்டா. அதான் கடைசியில எழுதியிருக்காளே."

"கடைசியிலயா? அது பிரஸ்காரங்க விலாசம்."

கண்டக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நீங்க படிக்கலையாம்மா?"

மூன்று நாளில் இரண்டாவது தடவையாக அதே கேள்வி.

"படிங்க" என்றாள்.

"என்னால ஆகாதும்மா. நீங்களே படிச்சுக்கங்க." அவர் எழுந்து, மூக்கிலிருந்த சோதனை ஃப்ரேமைக் கழற்றி, மீதிச் சில்லறை தருகிறவர்போல அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் சூடு இன்னும் அந்த ஃப்ரேமில் இருந்தது. ஊரில் இருக்கிற மூக்குகளில் எல்லாம் அதை மாட்டியவள், முதல் முறையாகத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். ஒன்று பவர் லென்ஸைப் போட்டாள். சாம்பல் கோடு புள்ளிகளாயிற்று. ஒன்றரை போட்டாள். புள்ளிகளுக்குக் கொம்பும் காலும் முளைத்தன. இரண்டு போட்டதும் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

"கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன்: மூன்றாவது தட்டில் அக்கா. பரிமாற அவளுக்கு யாருமில்லை."

கழுகு அதை இன்னொரு முறை படித்தாள். அவள் அந்தத் தட்டை ஒளித்து வைத்தது நிஜம். சின்னவளைச் சாப்பிட வைத்து வெளியே அனுப்பிவிட்டு, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மாவின் தட்டில் தனக்குச் சோறு போட்டுக்கொண்டதும் நிஜம். சாப்பிட்டதைவிட அழுததுதான் அதிகம். இருபத்தேழு வருடமாக அதே தட்டுதான். அது யாருக்கும் தெரியாது என்று நம்பித்தான் இத்தனை காலம் பெரியவளாக இருந்தாள். ஒன்பது வயதுக்காரி இடுக்கில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பசிக்கிறது என்று சொல்லாமல் போயிருக்கிறாள். சொன்னால் அக்கா அந்தத் தட்டிலிருந்து எழுந்திருக்க வேண்டுமே.

வெளியே முதலாளி யாருக்கோ பூட்டு வைத்த கண்ணாடிக் கூடு காட்டிக்கொண்டிருந்தார். கழுகு சோதனை ஃப்ரேமைக் கழற்றாமலே தங்கைக்குக் கூப்பிட்டாள். எடுத்தது ஒரு பெண்குரல். நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை என்றது. கழுகு அதை மறித்து, அட்டையைப் பார்த்து அந்தக் கடைசி வரியைச் சத்தமாகப் படித்தாள், ஒரு எழுத்துப் பிசகாமல். அந்தப் பெண்குரல் அவளை இடைமறிக்கவில்லை. சொன்னதையே மறுபடி சொன்னது. சித்திக்குக் கூப்பிட்டாள். புது எண் அவளிடமும் இல்லை. "போய்ச் சேந்ததும் குடுக்கறேன்னா. குடுத்தாப் பாக்கலாம்" என்றாள் சித்தி.

பிறகு பதிவேட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, தன் பெயரை எழுதி, வயதைக் குறைக்காமல் எழுதி, எதிரே பவரை எழுதினாள். லென்ஸ் தேய்க்கிறவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். வாயில் வந்த கிண்டலை அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டார்.

"சாயந்திரம் தர்றேன்மா" என்றார்.

முதலாளி நிலக்கரியைத் தூசி தட்டி மறுபடி கொண்டுவந்துவிட்டார். கவிதை அட்டையைக் குப்பையில் போடச் சொன்னார். கழுகு அதைப் பையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். மதியம்வரை படித்தும் பாதிதான் ஆனது. ஒவ்வொரு பக்கத்திலும் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. பிறகு எழுந்துபோய்த் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். புதுக் கண்ணாடியில் தட்டு முழுக்கக் கீறல் தெரிந்தது. அடி நசுங்கியிருந்தது தெரிந்தது. வழக்கம்போல அவள் கை கதவுக்குப் போனது. தொட்டுவிட்டு, சாத்தாமல் திரும்பி வந்து உட்கார்ந்தாள். இடுக்கு அகலமாகவே இருந்தது. நின்று பார்க்கத்தான் யாருமில்லை.